பன்னிரண்டு மாதம், பதின்மூன்று விழா, ஓயாத விருந்தாளிகள்

புரியில் வீடு இருக்கிறது என்றாலே ஆண்டு முழுவதும் வெளியூர் ஆட்கள் வருவார்கள். அவர்களைச் சமாளிக்கும் வித்தையை அந்தச் சிறு நகரம் நெடுங்காலமாகப் பழகி வைத்திருக்கிறது. இப்போது மாறுவது வீடுகள்.

கோடை விடுமுறைக்கு ஒரு வாரம், பண்டிகைக்கு இரண்டு நாள். மற்ற ஊர்க்காரர்களுக்கு விருந்தாளிகளின் வரவு அநேகமாக இவ்வளவோடு முடிந்துவிடும். புரிக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். ஒன்றுவிட்ட சித்தப்பா, மைத்துனியின் நாத்தனார், பழைய அலுவலக நண்பர், அந்த நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வீட்டுக்காரர் மீதுள்ள பாசத்தால் மட்டும் வரவில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். அவர்கள் வருவது ஜகந்நாதரைப் பார்க்க. இல்லாவிட்டால் கடலைப் பார்க்க. பெரும்பாலும் இரண்டையும்.

ஒடிசாவின் இந்தக் கடற்கரை நகரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர். ரத யாத்திரைக்கு வந்து குவிபவர்களோ பல லட்சம் பேர். மாநிலத் தலைநகர் புவனேஸ்வரம் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. கொல்கத்தாக்காரர்களுக்கு இரவு ரயில்கள் போதாதென்று 2023 மே மாதம் வந்தே பாரத் ரயிலும் வந்துவிட்டது. காலையில் ஹௌராவில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் புரி. மதியச் சாப்பாடு யார் வீட்டில் என்பதுதான் கேள்வி.

'பன்னிரண்டு மாதத்தில் பதின்மூன்று விழா' என்பது ஒடியா மொழியில் ஒரு சொலவடை. வேறு ஊர்களில் அது பேச்சுக்குச் சொல்வது. புரியில் அதுவே வீட்டுக்காரரின் நாள்காட்டி.

எந்த மாதம் யார் வருவார்கள்?

குளிர்காலத்து விருந்தாளிகள் அதிகம் சிரமம் தராதவர்கள். டிசம்பர் 1 முதல் 5 வரை கோணார்க்கில் நடன விழா. அதே நாட்களில் பக்கத்திலுள்ள சந்திரபாகா கடற்கரையில் மணற்சிற்ப விழா. புரியிலிருந்து 35 கி.மீ.தான். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்ம தேவன் கட்டிய சூரியன் கோயிலை வெளிச்சம் இருக்கும்போதே காட்டிவிட்டு, மாலையில் ஒடிசியோ கதக்கோ பார்க்க உட்காரவைத்துவிடலாம். மறுநாள் சாதபடாவுக்குப் போய்ப் படகு ஏறினால் சிலிகா ஏரியில் இராவதி டால்பின்கள் முதுகு காட்டும். நவம்பரில் வந்து சேரும் வெளிநாட்டுப் பறவைகள் பிப்ரவரி வரை அங்கேயே இருக்கும். ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்களை பட்டச் சித்திரக் கலைஞர்களின் ரகுராஜ்பூர் கிராமத்துக்கு அழைத்துப் போகலாம். ஒடிசி மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊரும் அதுதான்.

கோடையில் விஷயம் வேறு. வெயிலில் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. பகலுக்கு மருந்து பகாளா. நம் பழைய சோற்றின் ஒடியா உறவு. தண்ணீர் ஊற்றிய சோறு, கொஞ்சம் தயிர், பொரித்த மீன், கீரை, பொடித்த பருப்பு வடகம். சாப்பிட்ட விருந்தாளி நான்கு மணி வரை எழுந்திருக்க மாட்டார். மாலையை அட்சய திருதியையன்று தொடங்கும் சந்தன யாத்திரை பார்த்துக்கொள்ளும். நரேந்திர குளத்தில் 21 நாட்கள் உற்சவ மூர்த்திகள் படகில் உலா வருவார்கள். ரதங்களுக்கான மரவேலை தொடங்குவதும் அதே அட்சய திருதியையில்தான். ஆண்டுதோறும் மூன்று ரதங்களும் புதிதாகவே செய்யப்படுகின்றன. 16 சக்கரங்கள் கொண்ட ஜகந்நாதரின் நந்திகோஷம், பலபத்திரருக்கு 14 சக்கர தாளத்வஜம், சுபத்திரைக்கு 12 சக்கர தர்ப்பதளனம். பெரிய வீதியில் தச்சர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதே குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு.

வீட்டுக்காரரை உண்மையிலேயே சோதிப்பது அதற்கு அடுத்த கட்டம். ஸ்நான பூர்ணிமையன்று 108 குடம் நீரில் குளிக்கும் தெய்வங்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது என்பது ஐதீகம். இரண்டு வாரம் தரிசனம் கிடையாது. பஞ்சாங்கம் பார்க்காமல் டிக்கெட் எடுத்த விருந்தாளிகள் சரியாக அந்த நாட்களில் வந்து நிற்பார்கள். இதற்கும் ஊர் வழி வைத்திருக்கிறது. சுமார் 25 கி.மீ. தள்ளி பிரம்மகிரியில் உள்ள அலர்நாதர் கோயிலில் தரிசனம் செய்தால் ஜகந்நாதரைப் பார்த்ததற்குச் சமம். அங்கே பிரசாதமாகத் தரும் பாயசம் பிரசித்தம். கோபத்தோடு போன விருந்தாளி இனிப்போடு திரும்புவார்.

கார்த்திகை மாதத்தில் வருபவர்கள் வயதான பெண்கள். விரதமிருந்து ஒரு வேளை உண்டு, நாள்தோறும் கோயிலுக்குப் போவார்கள். அந்த மாதம் பல வீடுகளில் மீன், இறைச்சி வாசனையே இருக்காது. கார்த்திகைப் பௌர்ணமி அதிகாலையில் பழைய கடல் வணிகர்களின் நினைவாகச் சிறு படகுகளை நீரில் விட்ட பிறகு, மறுநாள் 'சாடகாய்'. ஒரு மாதப் பாக்கியையும் சேர்த்து மீனும் கறியும் சமைக்கும் நாள். அன்று வந்து சேரும் விருந்தாளி அதிர்ஷ்டசாலி.

சாமியின் சமையலறை

இத்தனை பேருக்கும் வீட்டிலேயே சமைத்துப் போட்டால் நடுத்தரக் குடும்பம் தாங்குமா? தாங்காது. புரியின் பெரிய வசதி அதன் கோயில் சமையலறைதான். புது மண்பானைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, விறகு அடுப்பில் சமைக்கிறார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. ஜகந்நாதருக்கும் பிறகு விமலா தேவிக்கும் நிவேதனமான பின் அது மகாபிரசாதம். கோயில் வளாகத்திலுள்ள ஆனந்த பஜாரில் சோறு, பருப்பும் காய்களும் சேர்ந்த டால்மா, கடுகு அரைத்த பேசரா, நெய்யும் சர்க்கரையும் சேர்த்த கனிகா என்று பானை பானையாக விற்பனையாகும். குடும்பத்துக்குப் பழக்கமான பண்டாவிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், கூடையில் அடுக்கி வீட்டுக்கே வந்துவிடும்.

சில்லறைச் சங்கடங்களும் உண்டு. விழா நாட்களில் விலை ஏறும். பூஜைகள் தாமதமானால் சாப்பாடும் தாமதமாகும். அதனால் விவரமான வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளுக்குக் காலையிலேயே வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிடுவார்கள். ஆனால் மகாபிரசாதம் வந்த பிறகு எந்தச் சிக்கலும் இல்லை. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். பந்தியில் முதல் இடம், கடைசி இடம் கிடையாது. சாதி பார்க்கக் கூடாது. மேலதிகாரியும் அவரைக் கூட்டிவந்த டிரைவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். யாரை எங்கே உட்காரவைப்பது என்ற கவலையே வீட்டுக்காரருக்கு இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பலராம தாஸ் எழுதிய லட்சுமி புராணம் சொல்லும் கதை. சண்டாளப் பெண் ஸ்ரீயாவின் வீட்டுக்குப் போனதற்காக லட்சுமியைப் பலபத்திரர் வெளியேற்றச் சொல்கிறார். ஜகந்நாதரும் இணங்குகிறார். லட்சுமி போனதும் அடுப்பு அணைகிறது. அண்ணனும் தம்பியும் சோற்றுக்கு அலைந்து, கடைசியில் லட்சுமியின் வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறார்கள். இனி எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அவள் திரும்புகிறாள். மார்கழி வியாழக்கிழமைகளில் ஒடியாப் பெண்கள் இந்தக் கதையைப் படித்து லட்சுமி பூஜை செய்கிறார்கள். அந்தப் பூஜைப் பிரசாதத்தை வெளியாருக்குத் தருவதில்லை. கல்யாணமாகிப் போன மகளுக்குக்கூடக் கிடையாது என்பது பழைய வழக்கம். விருந்தாளிகளின் ஊரில் வீட்டுக்கென்றே ஒதுக்கிய வியாழக்கிழமைகள் அவை.

தேர் பார்க்காத வீடு

உபசாரத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை அந்தப் புராணம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. மகாபிரசாதம் ஒரு வேளைக்குத்தான். காலைப் பலகாரம், பத்துத் தடவை டீ, இரவுச் சாப்பாடு, துவைக்க வேண்டிய படுக்கை விரிப்புகள், ஒரே குளியலறைக்கு முன் காத்திருக்கும் பன்னிரண்டு பேர் எல்லாம் வீட்டுப் பெண்கள் கணக்கு. ஜூன் நடுவில் வரும் ரஜ பண்டிகையின் மூன்று நாட்களும் பூமித்தாய்க்கு ஓய்வு, பெண்களுக்கும் ஓய்வு என்பது மரபு. பெண்கள் ஊஞ்சலாட வேண்டும், முன்கூட்டியே சுட்டுவைத்த போட பிட்டா சாப்பிட வேண்டும். கூடத்தில் எட்டுப் பேர் படுத்திருக்கும் வீட்டில் ஊஞ்சலுக்கு நேரம் ஏது?

ரத யாத்திரையன்று கஜபதி மன்னர் தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால் ரதங்களைப் பெருக்குவார். ஊரே அதைப் பார்க்கப் போய்விடும். பெரிய வீதி மாடிகளில் இடம் வாடகைக்குப் போகும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் திரும்பி வருபவர்களுக்காக உலை வைத்துக்கொண்டிருப்பார். கோயிலிலும் இதே கதைதான். அண்ணனையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு குண்டிச்சா கோயிலுக்குப் போகும் ஜகந்நாதர், லட்சுமியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வரும்போது அவள் கதவைச் சாத்திவிடுகிறாள். ரசகுல்லா கொடுத்து சமாதானம் செய்த பிறகே உள்ளே போக முடிகிறது. புரி வீடுகளில் எத்தனை ரசகுல்லா பாக்கி இருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

கொஞ்சம் ஆறுதல் குழாய் வழியே வந்தது. 2021 ஜூலை முதல் புரியில் 24 மணி நேரமும் அப்படியே குடிக்கத்தக்க தண்ணீர் குழாயில் வருவதாக அரசு அறிவித்தது. நாட்டில் இப்படி ஒரு நகரம் இதுவே முதல். விருந்தாளிகளுக்காகக் குடம் குடமாகப் பிடித்துவைத்த பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

காலியாகிப் போன கூடம்

விருந்தாளிகளே வராவிட்டால் எப்படி இருக்கும் என்பதையும் புரி பார்த்துவிட்டது. 2019 மே 3 அன்று ஃபானி புயல் புரிக்கு அருகேதான் கரையைக் கடந்தது. சுற்றுலாப் பயணிகளை முன்னதாகவே வெளியேற்றினார்கள். மின்சாரம் திரும்பப் பல பகுதிகளில் வாரக்கணக்கானது. அடுத்த ஆண்டு கொரோனா. 2020 மார்ச்சில் பக்தர்களுக்குச் சாத்திய கோயில் கதவு டிசம்பரில்தான் திறந்தது. அந்த ஆண்டு ரத யாத்திரை உச்ச நீதிமன்றத்தின் நிபந்தனைகளோடு, ஊரடங்குக்கு நடுவே, ரதத்துக்கு 500 பேருக்கு மேல் இழுக்காமல் நடந்தது. 2021லும் வெளியூர் பக்தர்கள் இல்லை. பண்டாக்களும் லாட்ஜ்களும், கடலில் குளிப்பவர்களைக் கைப்பிடித்துக் காக்கும் நோலியாக்களும் வருமானமின்றித் தவித்தார்கள். விருந்தாளிகளைத் தொல்லை என்று சொன்ன ஊர், அவர்களால்தான் தன் பிழைப்பும் நடக்கிறது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் கண்டுகொண்டது.

பழைய வீடுகளுக்கு வேறு திசையிலிருந்தும் ஆபத்து வந்தது. கோயில் மதிலைச் சுற்றி 75 மீட்டர் அகலத்துக்கு இடத்தைக் காலி செய்யும் வேலை 2019இல் தொடங்கியது. யாத்திரிகர்கள் தங்கிவந்த லாட்ஜ்களும் வீடுகளும் மடங்களும் இடிபட்டன. ராமானுஜர் பரம்பரையைச் சேர்ந்த எமார் மடமும் அதற்குத் தப்பவில்லை. 2024 ஜனவரி 17 அன்று திறக்கப்பட்ட பரிக்கிரமா வளாகம் விசாலமாக இருக்கிறது. நடக்கலாம், மூச்சு விடலாம். ஆனால் 'சாஹி' எனப்படும் பழைய தெருக்களில் வாசல்தோறும் இருந்த 'பிண்டா' என்ற திண்ணைகளில் எத்தனையோ அந்த இடிபாடுகளோடு போய்விட்டன. முன்பின் தெரியாத யாத்திரிகருக்கும் இரவு தலைசாய்க்க இடம் கொடுத்தவை அவை.

இடிபடாத இடங்களில் பிளாட்டுகள் எழுகின்றன. இரண்டு படுக்கையறை வீட்டில் பதினைந்து பேர் படுக்க முடியாது. உறவினர்கள் கடற்கரை ஹோட்டலில் அறை எடுத்துவிட்டு, ஒரு மாலை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுப் பெண்களுக்கு இது விடுதலை. அதை மறுப்பவர்கள் பெரும்பாலும் சமையலறைக்குள் நுழையாதவர்கள். அதேசமயம், கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டது போல, ஹோட்டல் அறைகளில் தங்கும் அடுத்த தலைமுறை தெரிந்துகொள்ளப் போவதில்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது. அது விருந்தாளியின் கையில் இருக்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். வருகிற தேதியையும் போகிற தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது, 2024 தொடக்கத்திலிருந்து அரைக்கால் சட்டையும் கிழிந்த ஜீன்ஸும் கூடாது என்பதை வீட்டுக்காரர் வாயால் சொல்லவைக்காதீர்கள். இந்து அல்லாத நண்பரை அழைத்து வருவதானால், அவரால் கோயிலுக்குள் போக முடியாது, சிங்க வாசலில் பதிதபாவனரைத்தான் தரிசிக்கலாம் என்பதை முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள். ஒரு நாள் மகாபிரசாதச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தேர் நாளில் அடுப்படியை விருந்தாளிகளில் இருவர் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரம்மாவைப் பெரிய வீதிக்கு அனுப்பிவையுங்கள்.

கிளம்பும்போது காஜா பொட்டலத்தோடு காய்ந்த மகாபிரசாதச் சோறான நிர்மால்யமும் உங்கள் கையில் வந்து சேரும். வாங்கிக்கொள்ளுங்கள். ஒடியாக்கள் அதைச் சாட்சியாக வைத்து நட்பு பூணுவது பழைய வழக்கம். அப்படிப் பூண்ட நட்பை முறிக்கக் கூடாது. அடுத்த முறை தங்குவது ஹோட்டலில் என்றாலும்.