வைரஸைக் காட்டிக்கொடுக்கும் குப்பை

படிவம் நான்கில் நோய் எதிர்ப்புப் பாடத்தை முடித்துவிட்டு வெண்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், வைரஸ் உயிரணுவுக்கு உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளும் என்று சொன்னீங்க. வெள்ளை அணு வெளியேதானே இருக்கு? உள்ளே வைரஸ் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?"

மணி அடித்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிதக்கும் வைரஸைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், உயிரணுவின் சவ்வைத் தாண்டி அது சாதாரணமாக உள்ளே போவதில்லை. அப்படியானால் உள்ளே புகுந்துவிட்ட வைரஸை யார் கண்டுபிடிப்பது? விடை சற்று வேடிக்கையானது. உயிரணு வெளியே கொண்டுவந்து வைக்கும் குப்பையைப் பார்த்துத்தான் காவலர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

முதலில் அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் உடலில் உள்ள புரதங்கள் வீட்டுச் செங்கல்லைப் போல ஒருமுறை வைத்தால் அப்படியே இருப்பவை என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1930களில் ருடோல்ஃப் ஷோன்ஹைமர் என்ற அறிவியலாளர், நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கனமான நைட்ரஜன் அணுக்களைச் சேர்த்த அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவில் கொடுத்துப் பார்த்தார். அந்த நைட்ரஜன் எலியின் உடற்புரதங்களுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது பழைய புரதம் இடைவிடாமல் உடைக்கப்பட்டு, புதியது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் புரதம் இப்படி உடைந்து மறுபடி உருவாகிறது. நாம் ஒரு நாளில் உணவின் வழி சாப்பிடும் புரதத்தைவிட இது பல மடங்கு.

உடைப்பது யார்? வயிற்றில் உணவைச் செரிக்கும் நொதிகளைப் போன்றவை உயிரணுவுக்குள் கட்டுப்பாடின்றித் திரிந்தால், வேண்டிய புரதம் வேண்டாத புரதம் எல்லாமே கரைந்துவிடும். ஆகவே, "இதை உடை" என்று யாராவது அடையாளம் போட வேண்டும். அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்த ஆய்வகக் கதைகளில் ஒன்று. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சியக்கனோவரும் 1970களின் பிற்பகுதியில் முயலின் இளம் சிவப்பணுக்களைக் கொண்டு சோதனை செய்துவந்தார்கள். அணுக்களில் ஹீமோகுளோபின் மிக அதிகமாக இருந்ததால், தாங்கள் தேடும் பொருளைப் பிரித்தெடுக்க முடியவில்லை. கடைசியில் கரைசலைச் சூடாக்கிப் பார்த்தார்கள். அவித்த முட்டையைப் போல ஹீமோகுளோபின் கட்டியாகிப் படிந்துவிட்டது. தேடிய பொருளோ தெளிந்த நீரில் சேதமின்றி மிதந்தது! அதுதான் யுபிக்குவிட்டின். வெறும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், வெப்பத்துக்குக்கூட அசையாது.

இந்த யுபிக்குவிட்டின்தான் அடையாளச் சீட்டு. இ1, இ2, இ3 என்று மூன்று நொதிகள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி, உடைக்க வேண்டிய புரதத்தின் மேல் ஒட்டுகின்றன. எதில் ஒட்டுவது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது இ3. மனிதனிடம் இ3 வகைகள் 600க்கும் மேல் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் படியான இ1 வேலையைப் பெரும்பாலும் ஒரே ஒரு நொதிதான் செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஹெர்ஷ்கோ, சியக்கனோவர், அமெரிக்காவின் அர்வின் ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சீட்டு ஒட்டப்பட்ட புரதம் போய்ச் சேரும் இடம் புரோட்டியசோம். ஏழு ஏழு துண்டுகளால் ஆன நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு குழாய் கிடைக்கும் அல்லவா? அதுதான் இதன் உடல். இரு முனைகளிலும் மூடிகள் உண்டு. பள்ளி அலுவலகத்தில் காகிதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் இயந்திரம் இருக்குமே, கிட்டத்தட்ட அதே வடிவமைப்புதான். வெட்டும் கத்திகள் எல்லாம் குழாயின் உள்ளே இருக்கின்றன. வாய் மிகவும் குறுகல். மூடிப் பகுதி சீட்டைப் படித்து, அதைக் கழற்றி மறுபயன்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, சுருண்டு கிடக்கும் புரதத்தை நூலாகப் பிரித்து உள்ளே தள்ளும். மறுபக்கம் சின்னச் சின்னத் துண்டுகள் வெளியே வரும். அவற்றில் பெரும்பாலானவை மேலும் உடைந்து அமினோ அமிலங்களாகி, புதிய புரதம் கட்டப் போய்விடும்.

எல்லாம் அப்படிப் போய்விடுவதில்லை. எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள சில துண்டுகளை உயிரணு எடுத்து, எச்.எல்.ஏ என்ற தட்டில் வைத்து, தன் வெளிப்பரப்புக்கு அனுப்பிக் காட்சிக்கு வைக்கிறது. "இன்று என் உள்ளே இந்த இந்தப் புரதங்கள் இருந்தன" என்று அறிவிப்பதைப் போல. வைரஸ் உள்ளே இருந்தால் அதன் புரதமும் அரைபட்டு, அதன் துண்டும் தட்டில் வந்து உட்காரும். ரோந்து வரும் கொலையாளி டி அணுக்கள் தட்டைத் தடவிப் பார்க்கும். நம் சொந்தத் துண்டுகளோடு சண்டை போடும் டி அணுக்கள் தைமஸ் சுரப்பியிலேயே பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடுகின்றன. மிஞ்சியவை அந்நியத் துண்டைக் கண்டதும் அந்த உயிரணுவையே அழித்துவிடும். வைரஸுக்கு வீடே இல்லாமல் போய்விடும்.

டி அணு வைரஸை மட்டும் பார்ப்பதில்லை, நம் சொந்தத் தட்டையும் சேர்த்தே பார்க்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1970களின் முற்பகுதியில் எலிகளில் காட்டினார்கள். 1996இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தொற்று வந்ததும் காவல் அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்தி மூலக்கூறை வெளியிடும். அது கிடைத்த உயிரணு, புரோட்டியசோமின் மூன்று வகைக் கத்திகளையும் மாற்றி, எச்.எல்.ஏ தட்டுக்கு வாகான துண்டுகளை அதிகம் தரும் கத்திகளைப் பொருத்துகிறது. இதற்கு எதிர்ப்புப் புரோட்டியசோம் என்று பெயர்.

வைரஸ்கள் சும்மா இருக்குமா? சைட்டோமெகாலோ வைரஸ், எச்.எல்.ஏ தட்டையே பிடித்து அரவை இயந்திரத்துக்குள் தள்ளிவிடுகிறது. எச்.பி.வி வைரஸின் தந்திரம் இன்னும் மோசம். புற்றுநோய் வராமல் காக்கும் பி53 என்ற நம் புரதத்தின்மேல், நம்முடைய இ3 நொதி ஒன்றைக் கொண்டே சீட்டு ஒட்ட வைக்கிறது. காவலன் அரைபட்டுப் போக, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியில் போடப்பட்டுவரும் தடுப்பூசி இந்த வைரஸுக்கு எதிரானதுதான். ஊசி வலிக்கும் என்று வகுப்பில் முனகுபவர்களுக்கு நான் பி53இன் கதையைச் சொல்வதுண்டு.

இதுவரை சொன்னது தொற்றைக் கண்டுபிடிக்கும் வேலை. அழற்சியைத் தொடங்கி வைப்பதும் இதே இயந்திரம்தான். காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதற்குக் காரணமான பல மரபணுக்களை என்.எஃப். கப்பா பி என்ற புரதம் இயக்குகிறது. சாதாரண நேரத்தில் ஐ கப்பா பி என்ற மற்றொரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். கிருமி வந்த செய்தி கிடைத்ததும் ஐ கப்பா பிக்குச் சீட்டு ஒட்டப்படும், அது அரைபடும், விடுபட்ட என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் ஓடும். புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்க நேரமில்லை. இருக்கும் பூட்டை உடைப்பதே வேகமான வழி.

அப்படியென்றால் இயந்திரம் பழுதானால் அழற்சி குறைய வேண்டும் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. 1939இல் ஜப்பானில் நகாஜோ என்ற மருத்துவர் விநோதமான ஒரு நோயைப் பதிவு செய்தார். பின்னர் நிஷிமுராவும் அதே நோயை விவரித்தார். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் நோய் அது. குளிர்காலத்தில் கை கால்களில் சிவந்த தடிப்புகள், திரும்பத் திரும்பக் காய்ச்சல், மடங்கி இறுகும் மூட்டுகள், முகத்திலும் கைகளிலும் கொழுப்பு கரைந்து மெலிந்த தோற்றம். 2011இல்தான் காரணம் தெரிந்தது: எதிர்ப்புப் புரோட்டியசோமின் ஒரு கத்திக்கான மரபணுவில் பிழை.

அரைக்க முடியாமல் சீட்டு ஒட்டிய புரதங்கள் குவியக் குவிய, உயிரணு திணறுகிறது. கிருமியே இல்லாதபோதும் தொற்று வந்துவிட்டதைப் போல இன்டர்ஃபெரானைக் கொட்டுகிறது. இன்டர்ஃபெரான் உடலை மேலும் கிளப்பிவிடுகிறது, வேலை மேலும் கூடுகிறது, பழுதான கத்தி மேலும் தடுமாறுகிறது. காரணம் புரிந்ததால் மருந்துக்கும் வழி பிறந்தது. இன்டர்ஃபெரான் செய்தி உயிரணுவுக்குள் கடத்தப்படுவதைத் தடுக்கும் பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை, இதே வகையைச் சேர்ந்த கேண்டில் நோய் உள்ள 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், 5 பேருக்கு நோய் அறிகுறிகள் தணிந்த நிலை கிடைத்தது என்று 2018இல் அறிவித்தார்கள்.

இப்போது இ1க்கு வருவோம். 2020இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், காரணம் தெரியாத காய்ச்சலும் அழற்சியும் உள்ளவர்கள் உட்பட 2,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தகவல்களை எடுத்து, யுபிக்குவிட்டின் தொடர்பான 800க்கும் மேற்பட்ட மரபணுக்களில் மட்டும் பிழை தேடினார்கள். வழக்கமாக ஒரே மாதிரி அறிகுறி உள்ளவர்களைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் மரபணுவைத் தேடுவார்கள். இவர்கள் தலைகீழாகப் போனார்கள். இ1 நொதியின் மரபணுவில் பிழை உள்ள ஆண்கள் 25 பேர் அந்த ஆய்வில் அடையாளம் காணப்பட்டார்கள். காய்ச்சல், காதும் மூக்கும் சிவந்து வீங்குதல், நுரையீரல் அழற்சி, இரத்தசோகை என ஆளுக்கு ஆள் வெவ்வேறு நோய்ப்பெயர் சொல்லப்பட்டிருந்தவர்கள். 25 பேரில் 10 பேர் இந்நோயால் இறந்துவிட்டிருந்தனர். வெக்சாஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இது பெற்றோரிடமிருந்து வந்த பிழை அல்ல. நடுவயதுக்குப் பிறகு, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இரத்த மூல அணு ஒன்றில் தானாக ஏற்பட்டது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண்களையே பெரும்பாலும் பாதிக்கிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் சிலர் குணமடைந்திருக்கிறார்கள். ஆனால் வயதானவர்களுக்கு அது கடுமையான சிகிச்சை.

அடுத்த வாரம் இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தேன். அந்த மாணவி விடவில்லை. "அப்படின்னா டீச்சர், மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் இருக்கே, அதையும் டி அணு பிடிச்சிடுமா?" முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, எச்.எல்.ஏ தட்டும் இல்லாத மாதிரிதான். அதனால் மலேரியாக் கிருமிக்கு அது நல்ல ஒளிவிடம், பிடிக்காது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு வீட்டில் படித்துப் பார்த்தபோது, விவாக்ஸ் வகை மலேரியா இளம் சிவப்பணுக்களையே தேடிப் போகிறது, அவற்றில் தட்டு இன்னும் மிச்சமிருக்கிறது, கொலையாளி டி அணுக்கள் அவற்றைப் பிடித்து அழிக்கின்றன என்று பிரேசில் நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டு 2018இல் காட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. மறுநாள் காலை சபை கூடல் முடிந்ததும் அவளைத் தேடிப் போய்த் திருத்திச் சொன்னேன்.