வடகோடிச் சமூகங்களில் சூழல் நச்சுகளும் பெண்களின் இனப்பெருக்க நலமும்: ஆய்வுமுறை நோக்கில் ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: இனுயிட் பெண்கள், நுனாவிக், நிலைத்த கரிம மாசுகள், பாதரசம், கருவளம், எதிர்த்திசைக் காரணம்

முன்னுரை

1980-களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தாய்ப்பாலில் கலந்துள்ள நச்சுகளை அளக்கும் ஆய்வொன்று நடைபெற்றது. தென்பகுதித் தொழில் நகரங்களில் வாழும் தாய்மாரின் பாலோடு ஒப்பிட்டுப் பார்க்க, மாசற்ற சூழலில் வாழும் தாய்மாரின் பால் தேவைப்பட்டது. அதற்கென மாகாணத்தின் வடகோடியான நுனாவிக் நிலப்பகுதியின் இனுயிட் பெண்களிடமிருந்து மாதிரிகள் பெறப்பட்டன. ஆலைகளோ தெற்கோடு இணைக்கும் சாலைகளோ இல்லாத நிலம் அது. ஆனால், அம்மாதிரிகளில் பாலிகுளோரினேட்டட் பைபீனைல் (பி.சி.பி.) எனும் சேர்மத்தொகுதியின் அளவு தென்பகுதித் தாய்மாரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுந்திருந்தது. எரிக் டெவாயி குழுவினர் 1989-இல் வெளியிட்ட இம்முடிவு, இத்துறையின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அதன் பின்னர் வந்த ஆய்வுகள் மிகப் பல. ‘பெண்ணுடலில் நச்சு எவ்வளவு உள்ளது’ என்ற வினாவிற்கு அவை விரிவாக விடையளித்துள்ளன. ‘அந்நச்சு அப்பெண்ணின் இனப்பெருக்க நலத்தை என்ன செய்கிறது’ என்ற வினாவோ பெரிதும் பின்தங்கியே நிற்கிறது. அதற்கான காரணங்களை, குறிப்பாக ஆய்வுமுறை சார்ந்தவற்றை, இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நச்சு வடக்கே சேரும் வழி

பி.சி.பி., டி.டி.டி., எச்.சி.எச். முதலிய நிலைத்த கரிம மாசுகள் வெப்பமான நிலப்பகுதிகளில் ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. குளிர்ந்த பகுதிகளை அடைந்ததும் படிகின்றன. எழுவதும் படிவதுமாகப் பல கட்டங்களில் அவை வடக்கு நோக்கி நகர்வதால் இதனை ‘வெட்டுக்கிளித் தாவல்’ எனவும் குறிப்பர். இதில் தமிழகத்தின் பங்கும் பதிவாகியுள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் வெள்ளாற்றுப் படுகையில் இணைந்து மேற்கொண்ட ஆய்வு, நெல்வயல்களில் இடப்பட்ட எச்.சி.எச். (நம் உழவர் வழக்கில் பி.எச்.சி. பொடி) கடலைச் சேர்வது மிகச் சிறு பகுதியே என்பதையும், மிகப்பெரும் பகுதி காற்றில் கலந்துவிடுகிறது என்பதையும் கணக்கிட்டுக் காட்டியது. இந்தியாவில் அப்பூச்சிக்கொல்லி 1997-இல் தடை செய்யப்பட்டது. அதன் பீட்டா வடிவம் இனுயிட் மக்களின் குருதியில் அளந்தறியப்படும் பொருள்களுள் ஒன்று.

இச்சேர்மங்கள் கொழுப்பில் கரைபவை, எளிதில் சிதையாதவை. எனவே மிதவை உயிரிகளிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கடல்நாய்க்கும் வெண்திமிங்கிலத்திற்கும் செல்லச் செல்லச் செறிவு மிகுகிறது. அவ்விலங்குகளை உண்ணும் மனிதர் இச்சங்கிலியின் உச்சியில் உள்ளனர்.

குழந்தைக்கான ஆய்வில் தாய்

பரோயே தீவுகளில் 1986–87-இல் பிறந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும், நுனாவிக்கில் 1990-களில் தொடங்கிய தொப்புள்கொடிக் குருதி ஆய்வுகளும் இத்துறையின் தூண்கள். கருவிலேயே பாதரசத்திற்கும் பி.சி.பி.க்கும் ஆட்பட்ட குழந்தைகளின் கவனம், நினைவாற்றல் முதலியவை பாதிக்கப்படுவதை இவை சுட்டின. நிலைத்த கரிம மாசுகள் குறித்த 2001 ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்கும் பாதரசம் குறித்த 2013 மினமாட்டா உடன்படிக்கைக்கும் இத்தகைய சான்றுகள் வலுச்சேர்த்தன. இவற்றின் பெறுமதியில் ஐயமில்லை.

ஆயினும், இவ்வாய்வுகளின் அட்டவணைகளில் தாய் இடம்பெறும் விதம் கவனத்திற்குரியது. அவர் குருதியும் தலைமயிரும் பாலும் தருகிறார். விளைவு குழந்தையிடம் அளக்கப்படுகிறது. மாதவிடாய் ஒழுங்கு, கருத்தரிப்பதற்கான காலம், கருச்சிதைவு, கருப்பை அகப்படல நோய், மாதவிடாய் நிற்கும் வயது ஆகியவை அரிதாகவே முதன்மை வினாக்களாயின. விதிவிலக்குகள் உண்டு. கிரீன்லாந்து, சுவீடன், போலந்து, உக்ரைன் ஆகிய நான்கு நாட்டு மக்களிடையே கருவளத்தை ஆராய்ந்த இனுவெண்டோ திட்டம் அவற்றுள் முதன்மையானது. அதில் கிரீன்லாந்துத் தரவுகள், நச்சு மிகுந்த இணையரிடம் கருத்தரிப்பு தாமதமாகலாம் எனச் சுட்டின. நான்கு நாட்டுத் தரவுகளையும் ஒருங்கே நோக்கியபோது அவ்வாறு உறுதியாகக் கூற இயலவில்லை. கிரீன்லாந்துப் பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் புளோரின் சேர்மங்களுக்கும் தொடர்பிருக்கலாம் என 2011-இல் வெளிவந்த ஆய்வில் நோயுற்றவர் 31 பேரே.

காரணமும் விளைவும் இடம்மாறும் சிக்கல்

இத்தயக்கத்தை ஆய்வாளரின் அக்கறையின்மையாக மட்டும் கொள்வது நேர்மையாகாது. வினாவே கடினமானது.

கொழுப்பில் தேங்கிய பி.சி.பி. ஒரு பெண்ணின் உடலைவிட்டு வெளியேறும் முதன்மை வழிகளுள் ஒன்று தாய்ப்பால். முதற்குழந்தை பெரும்பங்கைப் பெறுகிறது; ஒவ்வொரு பேற்றுக்கும் பாலூட்டலுக்கும் பின் தாயின் உடற்சுமை குறைகிறது. இனி, குழந்தைப்பேறு வாய்க்காத பெண்களின் குருதியில் பி.சி.பி. மிகுந்திருக்கிறது என ஓர் ஆய்வு கண்டறிவதாகக் கொள்வோம். நச்சு கருவளத்தைக் குறைத்தது என்று பொருள் கொள்ளலாம். பேறும் பாலூட்டலும் இன்மையால் நச்சு வெளியேறாமல் தங்கிவிட்டது என்றும் கொள்ளலாம். ஒரே நேரத்தில் எடுத்த குருதி மாதிரி இவ்விரண்டையும் பிரித்துக்காட்டாது. முதற்பேற்றுக்கு முற்பட்ட பெண்களைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதே தக்க வழி. ஏறத்தாழ 14,000 பேர் வாழும், 14 ஊர்களைக் கொண்ட நுனாவிக்கில் அத்தகையோரின் எண்ணிக்கை மிகச் சிறிது.

கருவுற்ற பெண்களிடம் மட்டும் ‘கருத்தரிக்க எத்தனை மாதம் ஆயிற்று’ என வினவும் முறைக்கு மற்றொரு குறை உண்டு: கருவுறவே இயலாதவர் அத்தரவில் தோன்றுவதில்லை. எவரை அறிய வேண்டுமோ அவரே விடுபடுகிறார்.

உணவும் கணக்கைக் குழப்புகிறது. நச்சைக் கொணரும் கடல் உணவே ஒமேகா-3 கொழுப்பமிலங்களையும் செலினியத்தையும் கொணர்கிறது. ஒமேகா-3 கருக்காலத்தை நீட்டிக்க உதவுவதாகவும் வடபுல ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே நச்சின் தீங்கை ஊட்டத்தின் நன்மை மறைத்துவிடக்கூடும். ‘தொடர்பு காணப்படவில்லை’ என்ற முடிவைத் ‘தீங்கில்லை’ எனப் படித்தல் பிழை. புகைப்பழக்கமோ இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். நச்சின் மேல் ஏற்றப்படும் தீங்கில் ஒரு பகுதி அதற்குரியதாக இருக்கக்கூடும்.

சிறிய எண்கள் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். 2007-இல், வடதுருவ ஊர்கள் சிலவற்றில் ஆண் குழந்தைகளைப்போல் இருமடங்கு பெண் குழந்தைகள் பிறப்பதாகச் செய்தி பரவியது. ஓர் ஊரில் ஓராண்டில் 20 குழந்தைகள் பிறப்பதாகக் கொண்டால், 14 அல்லது அதற்கு மேற்பட்டோர் பெண்களாக அமைய, தற்செயலாகவே ஏறத்தாழ 6 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. நூறு சிற்றூர்களைப் பார்த்தால் ஐந்தாறு ஊர்கள் அவ்வாறு இருப்பதில் வியப்பில்லை.

கணக்கியலுக்கு அப்பால், மருத்துவ வசதியும் ஒரு தடையே. கருப்பை அகப்படல நோயை உறுதிசெய்ய நெடுங்காலம் உள்நோக்கி அறுவையே வழியாக இருந்தது. நுனாவிக் பெண் அதற்கு வானூர்தியில் தெற்கே செல்ல வேண்டும். பதிவேட்டில் நோய் குறைவாக இருப்பது நோயின் குறைவையா, நோயறியும் வாய்ப்பின் குறைவையா காட்டுகிறது என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

அறிவுரையின் சுமை

பரோயே மருத்துவத் துறையினர் 1998-இல், பெண்கள் தம் குழந்தைப்பேறு முடியும்வரை பைலட் திமிங்கிலக் கொழுப்பைத் தவிர்க்க அறிவுறுத்தினர். 2008-இல் அத்திமிங்கிலம் மனித உணவுக்கே உகந்ததன்று என்றனர். நுனாவிக் நலவாழ்வு வாரியம் 2011-இல் மேற்கொண்ட வழி வேறு. பாதரசத்தின் முதன்மை வாயில் வெண்திமிங்கில இறைச்சி என அறிந்து, கருவுற்றோரும் கருவுறக்கூடியோரும் அதனை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னது. பிற மரபுணவுகளையும் தாய்ப்பாலூட்டலையும் தொடர ஊக்குவித்தது. பாதரசம் குறைந்த ஆர்க்டிக் சார் மீனைக் கருவுற்ற பெண்களுக்கு வழங்கும் திட்டமும் நடந்தது. இரண்டாவது வழியே தக்கது என்பது என் கருத்து. கடை உணவு விலையேறிய, குருதிச்சோகை மிகுந்த ஊர்களில் ‘உண்ணாதீர்’ என்பது நலவாழ்வு அறிவுரையாக நின்றுவிடாது.

ஈயம் குறித்த நிகழ்வு இதனோடு ஒப்பிடத்தக்கது. வேட்டைப் பறவைகளில் தங்கிய ஈயக் குண்டுகளே நுனாவிக் மக்களின் ஈயச்சுமைக்குக் காரணம் என அறியப்பட்டு, 1999-இல் அக்குண்டுகள் விலக்கப்பட்டதும் தொப்புள்கொடிக் குருதியில் ஈயம் குறைந்தது. அங்கு மாறியது தோட்டா. பெண்ணின் தட்டு மாறவில்லை.

இன்றைய நிலை

பழைய நச்சுகள் குறைந்துவருகின்றன. நுனாவிக்கில் கருவுற்ற பெண்களின் 2004–2017 காலத் தரவுகளில் பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. ஆகிய புளோரின் சேர்மங்கள் இறங்குமுகமாகவும், நீள்தொடர் புளோரின் அமிலங்கள் ஏறுமுகமாகவும் உள்ளன. இவை கொழுப்பில் தேங்குவதில்லை. குருதிப் புரதங்களோடு பிணைகின்றன. மாதவிடாய்க் குருதிவழியும் வெளியேறுகின்றன. ஆகவே எதிர்த்திசைக் காரணச் சிக்கல் இங்குப் புதிய வடிவில் எழும்: மாதவிடாய் ஒழுங்கற்ற பெண்ணின் குருதியில் இவை மிகுந்திருப்பது காரணமா, விளைவா என்பதைப் பி.சி.பி. ஆய்வுகளுக்கென வகுத்த திருத்தங்களைக்கொண்டு தீர்க்க முடியாது.

கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீத் கனதாமி 2018-இல் வெளியிட்ட ஆய்வுக் கொள்கை, தரவுகளும் உயிர்மாதிரிகளும் தம் மக்களின் ஆளுகைக்குள் இருத்தல் வேண்டும் எனக் கோருகிறது. ஆய்வின் முன்னுரிமையை வகுப்பதும் அவ்வாளுகையில் அடங்கும். நீள்தொடர் புளோரின் அமிலங்கள் 2025-இல் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவை ஏறுமுகமாக இருப்பதைக் காட்டிய சான்றுகளுள் நுனாவிக் பெண்களின் குருதியும் ஒன்று. அப்பெண்களின் மாதவிடாய் வரலாறும் கருவள வரலாறும் அக்குருதி அளவுகளோடு சேர்த்துப் பதியப்பட வேண்டிய அடுத்த தரவுகள்.