பேசுற போனா, புள்ளி எழுத்து மெஷினா? எதை வாங்குவது?



போன மாதம் நம்ம பகுதிக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க பொண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போகப் போறா. "பார்வை இல்லாதவங்க எழுதவும் படிக்கவும் தனியா ஒரு மெஷின் இருக்காம், லட்சக்கணக்கில் விலையாம். குழுவில் கடன் எடுத்து அதை வாங்கட்டுமா? இல்லை, பத்தாயிரம் ரூபாய் போனே போதும்னு சொல்றாங்களே, அது நிஜமா?" என்று கேட்டாங்க. அன்றைக்கு யாருக்கும் பதில் சொல்லத் தெரியலை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லா உறுப்பினருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

பிரெயில் என்பது என்ன?

விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்துதான் பிரெயில். பிரான்சு நாட்டில் 1809-ல் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் குத்தூசியை வைத்து விளையாடும்போது கண்ணில் குத்திக்கொண்டார். புண் பரவி இரண்டு கண்ணும் போச்சு. அதே பிள்ளை பதினைந்து வயதில், 1824-ல், ஆறே புள்ளிகளை வைத்து எல்லா எழுத்தையும் எழுதும் முறையை உருவாக்கினார். நம்ம நாட்டில் 1951-ல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 'பாரதி பிரெயில்' வந்தது. தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது.

இதை எழுத மெஷின் வேண்டும் என்பதில்லை. சட்டம் போட்ட பிரெயில் சிலேட்டும் ஒரு ஊசியும் கெட்டித் தாளும் போதும். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கரண்டு வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

தனி மெஷின் ஏன் இவ்வளவு விலை?

'பிரெயில் நோட்டேக்கர்' என்று இதற்குப் பெயர். நோட்டுப் புத்தக அளவில் இருக்கும். மேலே ஆறு புள்ளிக்கு ஆறு பட்டனும் ஒரு இடைவெளிப் பட்டனும். கீழே ஒரு வரிசையில் பொடிப் பொடி ஊசிமுனைகள். நாம் எழுதியது அந்த வரிசையில் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவிப் படித்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்தினால், அந்தப் புள்ளிகள் அடங்கி அடுத்த வரி எழும்பும். குறிப்பு, கணக்கு, நாட்காட்டி எல்லாம் அதிலேயே இருக்கும்.

விலைக்குக் காரணம் அந்த ஊசி வரிசைதான். ஒரு எழுத்துக்கு எட்டு முனை. ஒவ்வொரு முனைக்கும் அடியில், மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு சிறு தகடு. 32 எழுத்து உள்ள மெஷின் என்றால் 256 முனை, 256 தகடு. வாங்குபவர்களும் உலகம் முழுக்கக் கொஞ்சம் பேர்தான். அதனால் பெரிய மெஷின்கள் அமெரிக்காவிலேயே 5,000 டாலருக்கு மேல் விற்கின்றன. நம்ம பணத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும்.

முன்பு வேறு வழி இல்லை, இப்போது இருக்கிறது

1987-ல் அமெரிக்காவில் 'பிரெயில் என் ஸ்பீக்' என்ற முதல் கையடக்கக் கருவி வந்தது. அந்தக் காலத்தில் சாதாரண போனும் கம்ப்யூட்டரும் பார்வையற்றவருக்கு உதவாது. அதனால் என்ன விலை ஆனாலும் அதைத்தான் வாங்கினார்கள்.

2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர், கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் 'என்விடிஏ' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அது இன்றும் இலவசம். தமிழும் வாசிக்கும். 2009-ல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டு போனிலும் பேசும் வசதி வந்தது. இன்று ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலானவற்றில் 'டாக்பேக்' கூடவே வருகிறது. செட்டிங்சில் 'அணுகல்தன்மை' என்ற இடத்தில் இருக்கும். அதைப் போட்டால் ஒருமுறை தொட்டதும் என்ன இருக்கிறது என்று சொல்லும், இரண்டுமுறை தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால் தள்ளினால்தான் நகரும். இது தெரியாமல் வீட்டில் போட்டுவிட்டு, "போன் கெட்டுப்போச்சு" என்று பயப்பட வேண்டாம்.

போனில் இன்னொரு லாபமும் உண்டு. 2020-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட 'மணி' செயலியில் ரூபாய் நோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். நெட் இல்லாமலும் வேலை செய்யும். நம்ம குழுக்களில் உள்ள பார்வையற்ற உறுப்பினர்கள் சேமிப்புப் பணத்தைத் தானே எண்ணிக் கொடுக்க இது உதவும். போன் ரிப்பேர் ஆனாலும் பக்கத்து டவுனிலேயே சரிசெய்து தருவார்கள். தனி மெஷின் கெட்டால் தூர ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்போ போனே போதுமா?

போதாது. இதைத்தான் எல்லாரும் கவனிக்கணும்.

போன் வாசிப்பதைக் கேட்பது வேறு, தானே படிப்பது வேறு. 'அரை' என்று போன் சொன்னால் பாதியா, வீட்டு அறையா? 'கரி' என்றால் அடுப்புக் கரியா, சாப்பிடும் கறியா? 'மனம்', 'மணம்' இரண்டும் போனின் குரலில் கிட்டத்தட்ட ஒன்றுதான். காதால் மட்டும் படித்த பிள்ளைக்கு விஷயம் தெரியும், எழுத்து தெரியாது. பரீட்சையில் சொல்வதை எழுத ஆள் வைத்தால் குறை வெளியே தெரியாது. நாளைக்கு வேலைக்குப் போய்த் தானே ஒரு கடிதம் அடிக்கும்போது தெரிந்துவிடும்.

பிரெயிலில் இந்தக் குழப்பம் வராது. 'ல' என்றால் இடது பக்கத்து மூன்று புள்ளி, 'ள' என்றால் வலது பக்கத்து மூன்று புள்ளி. விரல் தொட்டதும் தெரிந்துவிடும். பார்வை உள்ள நம்ம பிள்ளைக்கு "ரேடியோ இருக்கு, எழுத்து எதுக்கு?" என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். இந்தப் பிள்ளைக்கும் அதே நியாயம்தான்.

நடு வழி

1. முதலில் பிரெயில் எழுத்து. சிலேட்டும் ஊசியும் போதும். பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேளுங்கள்.

2. அடுத்து ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன். கல்லூரி என்றால் முடிந்தபோது ஒரு லேப்டாப்பும் அதில் என்விடிஏவும். 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் பதிவு செய்தால், தமிழ் உட்படப் பல மொழிப் புத்தகங்கள் கேட்கவும் பிரெயிலில் படிக்கவும் கிடைக்கும்.

3. பிள்ளை பிரெயிலில் தேறி, தினமும் நிறையப் படிக்கிறாள் என்றால், அப்போது ஒரு சிறிய பிரெயில் டிஸ்பிளே. புள்ளி வரிசை மட்டும் உள்ள பெட்டி இது, போனோடும் லேப்டாப்போடும் இணைத்துக்கொள்ளலாம். 'ஆர்பிட் ரீடர்' போன்ற 20 எழுத்துக் கருவிகள் பெரிய மெஷினைவிட விலை மிகக் குறைவு. போன் பழசானால் போனை மட்டும் மாற்றினால் போதும், டிஸ்பிளே அப்படியே இருக்கும்.

பெரிய நோட்டேக்கர் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. காதும் கேட்காத, கண்ணும் தெரியாத பிள்ளைக்குப் பேசுற போன் உதவாது, புள்ளிதான் வழி. நாள் முழுக்க எழுத்து வேலை செய்பவருக்கும் அது கைகொடுக்கும். ஆனால் அது முதல் செலவு இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

- தமிழ் பிரெயில் வருமா? விற்பவர் சொன்னால் போதாது, பிள்ளையே ஒரு வரி தமிழ் படித்துப் பார்க்கணும்.
- ரிப்பேர் எந்த ஊரில்? எத்தனை நாள்? உத்தரவாதம் எத்தனை வருடம்?
- நம்ம போனோடு சேருமா? கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.
- ஏற்கனவே பயன்படுத்தும் ஒருவரிடம் பிள்ளை ஒரு நாளாவது வாங்கிப் பழகினாளா?

கடன் கடைசியில்

நாலு லட்சம் வேண்டாம், ஒரு லட்சத்துக்கே கணக்குப் போடுவோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை. முதல் மாதம் அசல் 5,000, வட்டி 1,000, ஆக 6,000 ரூபாய். முடியும்போது வட்டி மட்டும் 10,500 ஆகும். பத்தாயிரம் ரூபாய் போன் என்றால் பத்துத் தவணை, மொத்த வட்டி 550 ரூபாய். தக்காளி விலை விழுந்த மாதத்திலும் எது கட்ட முடியும் என்று நீங்களே யோசியுங்கள்.

கடனுக்கு முன்னால் உரிமையைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை எடுத்தாச்சா? இல்லை என்றால் அதுதான் முதல் வேலை. பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். உதவி உபகரணங்களுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் இருக்கிறது. மாநில அரசும் பார்வையற்றோருக்குச் செயலியோடு கூடிய போன் தரும் திட்டம் வைத்திருக்கிறது. இந்த வருடம் என்ன தருகிறார்கள், வருமான வரம்பு என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஊக்குநர் கூடப் போனால் நல்லது.

1989-ல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகப் பெண்கள் குழுத் திட்டம் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்று கைநாட்டு வைத்த எத்தனையோ பேர் குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். எழுத்து கைக்கு வந்தால் என்ன மாறும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கும் எழுத்து கைக்கு வரட்டும். போன் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

உங்கள் குழுவில், உங்கள் தெருவில், பார்வையற்ற பிள்ளையோ பெண்ணோ இருக்காங்களா? அடுத்த கூட்டத்தில் கேட்டு, பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள்.