கிழடானது போனா, பேட்டரியா?

திருப்பதியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அலிபிரியில் படியேறத் தொடங்கியபோது போனில் 38 சதவீதம் சார்ஜ் இருந்தது. காலி கோபுரத்தருகே போட்டோ எடுக்கப் போனேன், பொசுக்கென்று அணைந்துவிட்டது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. புதிது வாங்கிவிடலாமா?”

கடைக்காரரைக் கேட்டால் வாங்கத்தான் சொல்வார். ‘ஏஐ போன்’ என்று புது ஒட்டு வேறு வந்திருக்கிறது. என் கணிப்பு: போனுக்கு ஒன்றுமில்லை, பேட்டரிக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அந்த 38 சதவீதமும் பெரும்பாலும் பொய்யல்ல.

பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயனிகளைப் பாதயாத்திரைக்காரர்களாக நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும்போது மலையேறி, கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கிறார்கள். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்பது இட ஒதுக்கீடு. போனைப் பயன்படுத்தும்போது இறங்குகிறார்கள். அலிபிரிப் பாதையில் சிலர் படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். கிராஃபைட்டைத் தொடும் மின்பகு திரவம் சிதைந்து, லித்தியத்தோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் படலமாகப் படிகிறது. தொழிற்சாலையில் போடும் முதல் சார்ஜிலேயே, கையிருப்பு லித்தியத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இதற்குப் போய்விடும்.

வீண் செலவு என்று நினைக்காதீர்கள். இந்தப் படலம் லித்தியத்தை உள்ளே விடும், எலக்ட்ரானை மறிக்கும். அதனால்தான் திரவம் தொடர்ந்து சிதையாமல் நிற்கிறது. படலம் இல்லையேல் பேட்டரியே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்: பேட்டரியைக் காப்பதும் கொல்வதும் ஒரே படலம். லித்தியம் நுழையும்போது கிராஃபைட் சுமார் பத்து சதவீதம் உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. படலத்தில் விரிசல் விழுகிறது. அதை அடைக்கப் புதுப் படலம், அதற்குப் புது லித்தியம். படியில் பூச்சு தடிக்கத் தடிக்க, கையிலிருக்கும் மஞ்சள் பை காலியாகிறது.

ஒப்புமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், ஏழுமலையான் பொறுத்தருளட்டும். அளவு மீறிய வேகத்தில் சார்ஜ் ஏற்றுவது வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் மாதிரி. கம்பார்ட்மென்ட் நிரம்பி, உள்ளே போக முடியாதவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். லித்தியமும் அப்படியே மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அதில் ஒரு பகுதி கீழே திரும்பாது. பேட்டரி நிரம்ப நிரம்பப் போன் சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்வது இந்த நெரிசலுக்குப் பயந்துதான். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் போனைப் போட்டுவைத்தால் படலம் இன்னும் வேகமாக வளரும்.

இனி அந்த 38 சதவீதம். படலம் தடித்தால் உள்தடை கூடும். கேமராவும், மலைப்பாதையில் சிக்னலைத் துழாவும் ரேடியோவும் சேர்ந்து ஒரு கணம் 3 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். உள்தடை 0.2 ஓம் என்றால் 0.6 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 3.7 வோல்ட் 3.1 ஆகிவிடும், போன் அணைந்துகொள்ளும். சரக்கு உள்ளேதான் இருக்கிறது, கேட்ட வேகத்தில் வெளியே வர முடியவில்லை.

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது: பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் இப்படி அணையாமலிருக்க, அவற்றின் வேகத்தைத் தானே குறைத்ததாம். பெரிய கூச்சல் எழுந்தது. பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறங்கியது. போன் கிழடாகிவிட்டது என்று புதிது வாங்கியவர்களில் எத்தனை பேருக்குப் பேட்டரி மட்டுமே போதுமாயிருந்திருக்கும்!

வரலாறு இல்லாமல் ஆசிரியர் விடமாட்டார். படலத்தை 1979-இல் விளக்கியவர் எமானுவேல் பெலெட். 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ நோபல் பெற்றனர். திருப்பதிக்கும் ஒரு வரி உண்டு. சென்னையின் முனோத் நிறுவனம் 2022 செப்டம்பரில் அங்கே லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. ‘நாட்டிலேயே முதல்’ என்று தாரை தப்பட்டை முழங்கியது. அறிவித்த திறன் நாளுக்கு 20,000 செல். ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினாலும் வருடத்துக்கு 73 லட்சம். இந்தியாவில் ஆண்டுதோறும் விற்கும் ஸ்மார்ட்போன்களோ 14 கோடிக்கு மேல்.

வாசகருக்கு வருவோம். செட்டிங்ஸில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பேட்டரி ஆரோக்கியம். எல்லாப் போனும் காட்டாது, காட்டாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். மலிவு டூப்ளிகேட் வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போடாதீர்கள். இரண்டு, கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி. அது நின்றுபோய் வருடமாகிவிட்டது என்றால், பணம் அனுப்புவது வரை எல்லாம் அதில்தான் செய்கிறீர்கள் என்பதால், புதிது வாங்கத்தான் வேண்டும். அப்போதும் கடையில் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள், எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் உயர்ரக மாடல்களுக்கு ஏழு வருடம் என்கின்றன. அந்தக் கேள்விக்கு மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.