மானின் குதிக்கால் எங்கே இருக்கிறது?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ் ஒட்டுசுட்டான் சந்தியில் நின்று ஆட்களை ஏற்றியது. நானும் என் அக்காவின் மகளும் ஏறி யன்னலோரம் இருந்துவிட்டோம். பஸ் மெல்ல நகரத் தொடங்கியபோது புதுக்குடியிருப்பு வீதிப் பக்கமிருந்து ஓர் அக்கா ஓடி வந்தார். கலியாண வீட்டுக்குப் போகிற கோலம். காலில் குதி உயர்ந்த செருப்பு. ஹீல்ஸ் என்று சொல்வீர்களே, அது. நாலைந்து அடி ஓடியிருப்பார். சட்டென்று நின்றார், குனிந்தார், இரண்டு செருப்பையும் கழற்றி ஒரு கையில் பிடித்தார், மறு கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பறந்து வந்தார். கொண்டக்டர் மணியடிக்க, பஸ் நின்றது.

"மாமா, அந்த அக்கா ஏன் செருப்பைக் கழட்டிப்போட்டு ஓடினவா?"

"ஹீல்ஸோட ஓடேலாதுதானே, பிள்ளை."

"அதுதான் ஏன் ஓடேலாது?"

நல்ல கேள்வி. நின்று குனிந்து கழற்றிய நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த அக்காவுக்கு வெறுங்கால்தான் லாபமாக இருந்தது. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவருடைய கால்களே சொல்லிவிட்டன. கால்களுக்கு என்ன தெரிந்திருந்தது? பஸ்ஸில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், பின்வளவில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தபோது எனக்கு வழி கிடைத்தது.

நீங்களும் ஓர் ஆட்டின் பின்னங்காலைப் பாருங்கள். நடுவில் ஒரு மூட்டு பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். "ஆட்டுக்கு முழங்கால் பின்னுக்கு மடியும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது முழங்கால் அல்ல. ஆட்டின் உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. பின்னுக்குத் துருத்தி நிற்பது அதன் கணுக்கால். அந்தக் கூரான முனை குதி என்பு. நம் குதிக்காலுக்குள் இருக்கிற அதே என்புதான். ஆட்டின் குளம்பு நமது நகத்துக்குச் சமம். ஆகவே ஆடு வாழ்நாள் முழுவதும் நகத்தின் நுனியில், குதியை உயர்த்தியபடி நிற்கிறது. மாடும் அப்படித்தான். நம் வன்னிக் காட்டுப் புள்ளிமானும் மரையும் அப்படித்தான்.

குதி உயர்ந்தால் ஓட முடியாது என்றால் புள்ளிமான் ஓடவே கூடாது. அது எப்படிப் பாய்கிறது என்று முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் குதி உயர்வதில் குற்றமில்லை. குதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மானின் குதிக்கு அடியில் வெறும் காற்று. எந்த முட்டும் இல்லை. அதனால் குளம்பு நிலத்தில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் குதி சிறிது கீழே இறங்கலாம். இறங்கும்போது காலின் பின்பக்கத்து நாண்கள் இழுபடும். அடுத்த கணம் அவை சுருங்கி மானை முன்னுக்கு எறியும். கெற்றப்போலில் றப்பரை இழுத்து விடுகிறீர்களே, அந்த வேலைதான்.

நமக்கும் அந்த றப்பர் உண்டு. கணுக்காலின் பின்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தடித்த கயிறு போல ஒன்று அகப்படும். கெண்டைக்கால் தசையைக் குதி என்போடு கட்டி வைத்திருக்கும் குதிநாண் அது. பெரியவர்களில் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளம். உடம்பிலுள்ள நாண்களில் மிகத் தடித்ததும் பலமானதும் இதுதான். நம்முடைய உறவுக்காரரான சிம்பன்சிக்கு இந்த நாண் மிகவும் குட்டை. அது மரமேறும், நம்மைப்போல நெடுந்தூரம் ஓடாது.

இன்னொரு றப்பர் உள்ளங்காலில் இருக்கிறது. ஈரக் காலோடு சீமெந்துத் தரையில் மிதித்தால் அடையாளத்தின் நடுவில் ஒரு பக்கம் பதியாமல் விடுபடும், கவனித்திருப்பீர்கள். உள்ளங்கால் அங்கே பாலம் போல வளைந்திருக்கிறது. ஒரு பாதத்தில் 26 என்புகள். இரண்டு பாதத்துக்கும் 52. உடம்பிலுள்ள 206 என்புகளில் கால்வாசி இந்த இரண்டு பாதங்களுக்குள் அடங்கிவிடுகின்றன! இத்தனை சிறிய என்புகளை அடுக்கிக் கட்டியதால்தான் பாதம் ஊன்றும்போது தட்டையாகி, தூக்கும்போது திரும்ப வளைகிறது. 1987இல் மக்னீல் அலெக்சாந்தர் என்ற பிரித்தானிய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். ஓடும் மனிதன் ஒவ்வோர் அடியிலும் இழந்து பெறும் சக்தியில் ஏறக்குறைய 35 வீதத்தைக் குதிநாணும், 17 வீதத்தை உள்ளங்கால் வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன என்று மதிப்பிட்டார்கள். கூட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல்!

இப்போது எழுந்து நில்லுங்கள், ஒரு சின்னச் சோதனை. சுவரைத் தொட்டுக்கொண்டு, இயன்றவரை உயர நுனிக்காலில் நில்லுங்கள். முழங்காலை மடிக்க வேண்டாம், குதியைக் கீழே இறக்கவும் வேண்டாம். அப்படியே மேலே பாயுங்கள்.

பாய முடியவில்லை, இல்லையா? இனிக் குதியை இறக்கிவிட்டுப் பாயுங்கள். இப்போது முடிகிறது. குதி ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் கணுக்கால் நிலத்தை உதைப்பதற்கு மிச்சத் தூரம் கிடையாது.

ஹீல்ஸ் போட்ட காலுக்கும் இதுதான் நடக்கிறது. குதி பாதி வழி ஏறியபடியே நிற்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கியபடியே இருக்கிறது. மானுக்குக் காற்று இருந்த இடத்தில் இங்கே ஒரு தடி முட்டுக் கொடுத்து நிற்கிறது. குதி இறங்க வழியில்லை, நாண் நன்றாக இழுபடவும் வழியில்லை. றப்பரை இழுக்க விடாமல் யாரோ கையைப் பிடித்துக்கொண்டால் கெற்றப்போலில் எப்படிக் கல் எறிவது? பல வருடங்கள் தினமும் இதைப் போடுகிறவர்களின் கால் உள்ளேயே மாறிவிடுகிறது. 2010இல் மார்க்கோ நாரிச்சி என்பவரின் குழு மான்செஸ்டரில் அப்படிப்பட்ட பெண்களைச் சோதித்தபோது, அவர்களின் கெண்டைக்கால் தசை நார்கள் குட்டையாகியும் குதிநாண் தடித்து விறைப்பாகியும் இருக்கக் கண்டது. செருப்பைக் கழற்றித் தட்டையாக நின்றால் சிலருக்குக் கால் இழுத்து நோவது இதனால்தான்.

சரி, அந்தத் தடிக்குக் கீழே பார்ப்போம். மாரி காலத்தில் அப்பா மோட்டார் சைக்கிளை வளவில் நிறுத்தும்போது ஸ்ராண்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லையோ பலகைத் துண்டையோ வைப்பார். வைக்காவிட்டால் ஸ்ராண்ட் ஈர மண்ணுக்குள் இறங்கி, சைக்கிள் விழுந்துவிடும். பாரம் அதேதான். அது விழும் பரப்பு சிறிதானால் அமுக்கம் கூடும். பரப்பு பெரிதானால் அமுக்கம் குறையும். நம் குளங்களில் தாமரைக்கோழி நீண்ட விரல்களை அகல விரித்து இலைமேல் நடப்பதும் இதே கணக்குத்தான்.

அந்த அக்கா 50 கிலோ என்று வைப்போம். அவருடைய குதித் தடியின் நுனி ஒரு சதுர சென்ரிமீற்றர். முழுப் பாரமும் அதில் ஒரு கணம் விழுந்தால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 50 கிலோ. இனி ஒரு 4000 கிலோ யானையை எடுங்கள். பாதம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1000 சதுர சென்ரிமீற்றர், நாலு பாதம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வெறும் ஒரு கிலோ! மெலிந்த அக்காவின் குதி யானையைவிட ஐம்பது மடங்கு அமுக்குகிறது. ஓடும்போது நிலத்தில் விழும் விசை உடல் எடையின் இரண்டு மூன்று மடங்காகிவிடும், அப்போது இன்னும் மோசம். தார் வீதி தாங்கும். வீதியோரத்து மணல் தாங்காது, தடி உள்ளே போய்விடும். தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதி மணலில் திருவிழா நாட்களில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் மாமிமாரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

யானை என்றதும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. யானையும் நுனிக்காலில்தான் நிற்கிறது! வெளியே உரல் போலத் தெரிந்தாலும் பாதத்துக்குள் என்புகள் சரிந்து, விரல் கீழும் குதி மேலுமாக இருக்கின்றன. குதிக்கு அடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்த பெரிய மெத்தை ஒன்று அந்த இடைவெளியை நிரப்புகிறது. அதனால்தான் அத்தனை பெரிய உடம்பு காய்ந்த சருகிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. விஞ்ஞானிகள் தாய்லாந்தில் யானைகளை ஓடவிட்டுப் படம்பிடித்து, 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திலும் யானையின் நாலு கால்களும் ஒரேயடியாக நிலத்தை விட்டு எழும்பவில்லை. ஒரு காலாவது எப்போதும் ஊன்றியிருந்தது. காலடித் தடம் பற்றியும் ஒரு பழைய கணக்கு உண்டு. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் புதுத் தடம் என்றால் யானை பக்கத்தில்தான் நிற்கும். தடத்தை அளக்கப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

ஆக, மானுக்குக் காற்று, யானைக்கு மெத்தை, அக்காவுக்கு ஒரு விரல் தடிப்பில் முட்டு. அந்த முட்டு ஒரு சின்னக் கல்லில் ஏறினாலே போதும், கால் பக்கவாட்டில் பிரண்டுவிடும். ஏன் அவ்வளவு சுலபமாகப் பிரள்கிறது? கணுக்காலுக்குள் ஓர் என்பு, மேலேயுள்ள இரண்டு கால் என்புகளின் கவருக்குள் ஆப்பு மாதிரி இருக்கிறது. அது முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பாதம் தட்டையாக இருக்கும்போது அகலமான பக்கம் கவருக்குள் இறுகும், மூட்டு அசையாது. நுனிக்காலில் நின்றால் ஒடுக்கமான பக்கம் கவருக்குள் வரும், ஆப்பு தளரும். கோடரிப் பிடியில் ஆப்புத் தளர்ந்தால் தலை ஆடுமே, அப்படி. மான் போன்ற விலங்குகளின் கணுக்கால் முன்பின்னாக மட்டும் மடியும்படி தவாளிப்போடு அமைந்திருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

இவ்வளவும் இருந்தும் ஒருவர் ஹீல்ஸோடு ஓடிச் சாதனை படைத்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டியன் ரொபேர்ட்டோ லோப்பஸ் ரொட்ரீகஸ், 7 சென்ரிமீற்றர் உயரக் குதியோடு 100 மீற்றரை 12.82 செக்கனில் ஓடினார். மணிக்கு 28 கிலோமீற்றர்! உசைன் போல்ட் 2009இல் பேர்லினில் ஓடிய 9.58 செக்கனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 3.24 செக்கன். இருவரும் ஒன்றாக ஓடியிருந்தால், போல்ட் முடிக்கும்போது இவர் ஏறக்குறைய 25 மீற்றர் பின்னால் வந்துகொண்டிருப்பார்.

எப்படி முடிந்தது? குறுந்தூர ஓட்டக்காரர்கள் முன்பாதத்தில்தான் ஓடுவார்கள், குதி பெரும்பாலும் தரைக்கு வராது. தடி சும்மா தொங்கிக்கொண்டு வரும், அதில் பாரம் விழாது. தரையும் சமமான கடினத் தரை. சிக்கல் மெல்லோட்டத்தில்தான் கூடுதல். சப்பாத்துப் போட்டு மெதுவாக ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் குதியைத்தான் ஊன்றுகிறார்கள். ஹீல்ஸில் அது அந்தத் தடி நுனியில் இறங்குவது.

குதியை ஊன்றுவதும் ஒரு கலைதான். நம் மாவட்டத்தின் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல், தன் 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். வேகநடையில் முன்கால் நிலத்தைத் தொடும்போது முழங்கால் மடியக்கூடாது, ஒரு காலாவது எப்போதும் நிலத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் அடியும் குதியில் இறங்கி விரலில் முடிகிறது. ஒரே பாதத்தால் ஓட்டம், வேகநடை என்ற இரண்டு வேலையையும் அவர் செய்துகாட்டினார். எனக்கு அதை நினைக்க இப்போதும் பெருமையாக இருக்கிறது.

குதி உயர்ந்த சப்பாத்து முதலில் நடப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் சேணத்தின் மிதிவளையத்தில் கால் வழுக்காமல் கொளுவிக்கொள்ள அதைப் போட்டார்கள். குதிரைமேல் எழுந்து நின்று அம்பெய்ய அது உதவியது. ஓடியது குதிரை! பின்னர் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதை அழகுக்காக எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள்தான், பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி உட்பட.

இதையெல்லாம் ஆட்டின் பக்கத்தில் குந்தியிருந்து மருமகளுக்குச் சொன்னேன். அவள் ஒரு கையால் ஆட்டின் குதி என்பைத் தடவினாள், மறு கையால் தன் குதியைத் தடவினாள். ஆடு காலை உதறியது. அவள் விடவில்லை.

"மாமா, அப்ப கோழிக்கு?"

வேலியோரம் கிளறிக்கொண்டிருந்த கோழியின் காலிலும் ஒரு மூட்டு பின்னுக்கு மடிந்துகொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. கோழி பிடிக்க அவள் ஓடினாள், வெறுங்காலோடு.