சூடக் கூடாத பூ

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கும்வரை கூந்தலில் மல்லிகை மணக்கலாம். மலை ஏறும்போது எடுத்துவிட வேண்டும். திருமலையில் பூ என்றால் அது வேங்கடவனுக்கு மட்டும்தான். பக்தர்கள் பூச்சூடி வர வேண்டாம் என்று தேவஸ்தானமே கேட்டுக்கொள்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. வைணவர்களுக்குத் திருவரங்கம் போக மண்டபம், காஞ்சி தியாக மண்டபம், திருமலை புஷ்ப மண்டபம். அங்கே பூப்பணி செய்ய யார் போவது என்று ராமானுஜர் கேட்டபோது, முன்வந்தவர் அனந்தாழ்வான். கர்ப்பிணி மனைவியோடு அவர் ஏரி வெட்டியதாகவும், உதவிக்கு வந்த சிறுவன் மீது கோபத்தில் எறிந்த கடப்பாரை பெருமாளின் மோவாயில் பட்டதாகவும் ஐதீகம். அந்தக் கடப்பாரை இன்றும் கோயில் மகாத்துவாரத்தில் தொங்குகிறது. அவருடைய தோட்டத்துக்குப் பிரமோற்சவம் முடிந்த மறுநாள் மலையப்ப சுவாமி எழுந்தருளுகிறார்.

மாலைகளுக்கும் கணக்கு உண்டு. கிரீடத்திலிருந்து தோள்கள் வழியே தொங்கும் 'சிகாமணி' எட்டு முழம். 'சாலிக்ராம மாலை' இரண்டு, ஒவ்வொன்றும் நான்கு முழம். இவற்றைச் சாத்தும் தோமாலை சேவையின் பெயரே 'தோள் மாலை' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

மலைத் தோட்டங்கள் மட்டும் இதற்குப் போதாது. 1980இல் மீண்டும் தொடங்கப்பட்ட புஷ்பயாகத்துக்கு மட்டும் ஒரே நாளில் ஏழு டன்னுக்கும் அதிகமாகப் பூ வேண்டும். ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று பல திசைகளிலிருந்தும் கூடைகள் ஏறுகின்றன. திருப்பதி 2022இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் சித்தூர் மாவட்டத்தின் குப்பம், வி.கோட்டா வயல்களில் சாமந்தியும் செண்டுமல்லியும் பயிரிடுவோருக்குக் கோயில் பூ இன்றும் பிழைப்பு.

இத்தனை கடுமையிலும் ஒரு விலக்கு. புரட்டாசி பிரமோற்சவத்தில் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை வருகிறது. அது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை! யாரும் பூச்சூடக் கூடாத மலையில், சூடிய மாலைக்குத்தான் ராஜ மரியாதை.

அப்படியானால் பெருமாள் சூடிக் களைந்த பூ? மாலைகளைப் பக்தர்களுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை. கோயிலுக்குள் உள்ள 'பூல பாவி' என்ற பூங்கிணற்றில் சேர்த்துவிடுவது பழைய முறை. யார் காலிலும் பூ மிதிபடக் கூடாது என்பதே அதன் உட்பொருள். ஆனால் டன் கணக்கில் குவியும் பூவை எந்தக் கிணறு தாங்கும்?

விடை 2021 செப்டம்பரில் வந்தது. தேவஸ்தானக் கோயில்களின் நிர்மால்யப் பூக்களிலிருந்து ஊதுவத்தி தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். ஏழு மலைகளை நினைவூட்டி ஏழு வகை. சாமி சூடிய பூவை மறுபடி பூஜையில் ஏற்றலாமா என்று ஆசாரக்காரர்கள் யோசிக்கலாம். குப்பையில் அழுகி, லாரிச் சக்கரத்தில் நசுங்குவதைவிட, வாசனையாகி வீடு சேர்வது பூவுக்குக் கௌரவம்தானே! அனந்தாழ்வானும் மறுக்கமாட்டார்.