முட்டிக்குள் கசியும் ரத்தம்

ரத்தம் உறையத் தேவையான புரதங்களில், அதாவது காரணிகளில், ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பது ஹீமோபிலியா. எட்டாம் காரணி குறைந்தால் ஏ வகை. ஒன்பதாம் காரணி குறைந்தால் பி வகை. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவரை ஏ வகை தாக்குகிறது. கருக்கரிவாள் கிழித்த காயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நோயாளியை நிரந்தரமாக முடக்குவது, முட்டியிலும் கணுக்காலிலும் உள்ளுக்குள்ளேயே கசியும் ரத்தம்தான். தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி நீவிவிடுவதுண்டு. கசிவு இன்னும் கூடும். நீவாமல், அசைக்காமல், ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காரணி ஊசிக்கு விரைவதே சரியான முதலுதவி. வலிக்கு ஆஸ்பிரின் கூடாது.

குறைபாடு மகனுக்குத் தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பழி தாயின் தலையில் விழுகிறது. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் நோய் இருந்ததில்லை. சொந்தத்தில் கட்டியதால் மகனுக்கு வந்தது என்பதும் தவறு. நோயுள்ள தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் கணக்கு மாறும்: அவளும் குறைபாடுள்ள மரபணுவைச் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் பெண்ணுக்கும் நோய் வரலாம்.

விலை மிகுந்த காரணி மருந்தை அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தருகின்றன. தஞ்சாவூரைப் பெரிதும் நம்பியிருந்த காவிரி டெல்டாவுக்குத் திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. ஆனாலும் எட்டாம் காரணி உடலில் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். கசிவைத் தடுக்க வாரம் இரண்டு மூன்று முறை ஊசி வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினால் பையனுக்குப் பள்ளி போகும், உடன் வருபவருக்கு நடவுக்கூலி போகும். பராமரிப்பவருக்கே நரம்பில் ஊசி போடக் கற்றுக்கொடுத்து, மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுதான் மெய்யான உதவி. அதற்குக் குளிர்பெட்டி வேண்டும், மின்சாரம் நிற்காமல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

1983இல் தொடங்கிய இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்பு நோயாளிகளை ஒன்றுசேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் பட்டியலில் சேர்த்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஏ வகை கடுமையாக உள்ள ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்து, அவர்களுக்குக் கசிவு நின்றதை 2024இல் வெளியிட்டனர். ஆனால் ஏற்கெனவே இறுகிப்போன முட்டிகளுக்கு இந்தச் சிகிச்சையால் பயனில்லை. அவற்றுக்கு இயன்முறைப் பயிற்சிதான், முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவைதான்.